படிப்பது தேவாரம், அறுப்பது ஆமை

தன் படத்தில் நடித்தவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று நீதிமன்றத்துக்கு நிரூபித்துக் காட்டவேண்டிய பாக்கியம் எத்தனை இயக்குநர்களுக்குக் கிடைக்கும்? இத்தாலியர் ருஜ்ஜெரோ தியோதாத்தோவுக்குக் கிடைத்தது. அவருடைய 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' 1980 பிப்ரவரியில் மிலான் நகரில் திரைக்கு வந்தது. பத்தே நாளில் படச்சுருளைப் பறிமுதல் செய்தார்கள். முதலில் ஆபாசக் குற்றச்சாட்டு. பிறகு 1981 தொடக்கத்தில் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று, இந்தப் படத்தில் வரும் சாவுகள் நிஜமாகவே இருக்கலாம் என்று எழுதியது. கொலைச் சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

சந்தேகப்பட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. படம் வெளியான பிறகு ஓராண்டுக்கு வேறு எந்தப் படத்திலும், விளம்பரத்திலும், பத்திரிகையிலும் தலைகாட்டக் கூடாது என்று நடிகர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருந்தார் இயக்குநர். ஆளைக் காணோம் என்றால் ஜனங்கள் செத்துப்போனதாக நினைப்பார்கள். செத்துப்போனதாக நினைத்தால் டிக்கெட் வாங்குவார்கள். ஜனங்களோடு சேர்ந்து போலீஸும் நினைத்துவிட்டதுதான் திட்டத்தில் விழுந்த ஒரே ஓட்டை.

ஆயுள் தண்டனை கண்ணுக்குத் தெரிந்ததும் ஒப்பந்தம் காற்றில் பறந்தது. 'காலமான' நடிகர்கள் தொலைக்காட்சியில் உயிரும் உடலுமாக வந்து உட்கார்ந்தார்கள். படத்தில் கழுவில் ஏற்றப்பட்ட பழங்குடிப் பெண் எங்கே என்று கேட்டார்கள். இரும்புக் கம்பத்தின் நுனியில் சைக்கிள் சீட்டைப் பொருத்தி உட்காரவைத்தோம், வாயில் லேசான பால்சா மரத்துண்டைக் கவ்வக் கொடுத்தோம், வேறொன்றுமில்லை என்றார் இயக்குநர். அந்தப் பெண் படக்குழுவோடு இருக்கும் புகைப்படங்களை எடுத்து நீட்டினார். கொலைக் குற்றச்சாட்டு கழன்று விழுந்தது.

எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! ஒரு சைக்கிள் சீட்டையும் ஒரு மரத்துண்டையும் வைத்துக்கொண்டு ஒரு நாட்டு நீதித்துறையையே ஏமாற்றிய கைத்திறன். நான் கை தட்டுகிறேன். தட்டிக்கொண்டே ஒன்று கேட்கிறேன்: பெண்ணைக் கொல்லாமலே கொன்றதாகக் காட்டத் தெரிந்த அந்தக் கைக்கு, அதே காட்டில், ஓர் ஆமையைக் கொல்லாமல் கொன்றதாகக் காட்டத் தெரியாமல் போனது எப்படி?

கோவாட்டி என்ற சிறு காட்டு விலங்கு ஒன்று, ஓர் ஆற்றாமை, ஒரு பெரிய சிலந்தி, ஒரு பாம்பு, ஒரு பன்றி, இரண்டு குட்டைக் குரங்குகள். கேமராவுக்காக நிஜமாகவே கொல்லப்பட்டவை ஏழு. திரையில் தெரிவது ஆறு. ஏழாவது எங்கே போனது? குரங்கைக் கொல்லும் காட்சியை இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது. 'ஒன் மோர்' என்றால் நடிகன் மறுபடி வசனம் பேசுவான். குரங்கு எப்படி மறுபடி சாகும்? அதனால் இன்னொரு குரங்கு வந்தது.

அந்தச் சாவுகளை இங்கே நான் விவரிக்கப் போவதில்லை. எத்தனை நிமிடம் துடித்தது, எப்படிக் கத்தியது என்று எழுதினால் நானும் அதே கடையில் கல்லாப்பெட்டியருகே உட்கார்ந்தவனாகிவிடுவேன். அங்கே நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்பது போதும். ஆமைக் காட்சி முடிந்ததும் நடிகர் பெர்ரி பிர்க்கனன் அழுதார். கோவாட்டியைக் கொல்லும்போது ராபர்ட் கெர்மன் படப்பிடிப்பை விட்டே வெளியேறினார். இந்தக் கெர்மன்தான் படத்தில் மனசாட்சி உள்ள பேராசிரியராக வந்து, நாகரிக மனிதனின் காட்டுமிராண்டித்தனத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர். மனசாட்சிக்குச் சம்பளம் வாங்கிய மனிதருக்கு மனசாட்சி நிஜமாகவே வந்து தொலைத்தது. அவர் வெளியேறினார், கேமரா வெளியேறவில்லை.

இனி கதைக்கு வருவோம். அமேசான் காட்டுக்கு ஆவணப்படம் எடுக்கப் போன நான்கு அமெரிக்க இளைஞர்கள் காணாமல் போகிறார்கள். தேடிப் போகிற பேராசிரியர், அவர்கள் எடுத்த சுருள்களோடு நியூயார்க் திரும்புகிறார். சுருளைப் போட்டுப் பார்த்தால் விஷயம் வெளியே வருகிறது: பரபரப்பான காட்சி வேண்டும் என்பதற்காக அந்த நால்வரும் பழங்குடிகளின் குடிசைகளைக் கொளுத்துகிறார்கள், பெண்ணைச் சீரழிக்கிறார்கள், விலங்குகளைக் கொல்கிறார்கள், எல்லாவற்றையும் படம் பிடிக்கிறார்கள். கடைசியில் பழங்குடிகள் திருப்பி அடிக்கிறார்கள். தொலைக்காட்சி முதலாளிகளோ அதையும் ஒளிபரப்பிக் காசு பார்க்கத் துடிக்கிறார்கள். யார் உண்மையான நரமாமிச பட்சிணி என்று பேராசிரியர் தனக்குள் கேட்டுக்கொண்டே நியூயார்க் தெருவில் நடக்க, படம் முடிகிறது.

எப்பேர்ப்பட்ட நீதிபோதனை! பரபரப்புக்காக உயிர்களை வதைக்கும் கேமராவைக் கண்டிக்கும் படம் இது. கண்டிப்பதற்காகவே ஏழு உயிர்களைப் பரபரப்பாக வதைத்தது. குடிசைக்குள் ஆட்களை அடைத்துத் தீவைப்பவர்களைக் கண்டிப்பதற்காக, உள்ளூர்ப் பழங்குடிகளைக் குடிசைக்குள் வைத்துத் தீ மூட்டிப் படம் எடுத்தது. அந்த மக்களுக்குக் கூலிகூடத் தரவில்லை என்று படக்குழுவில் இருந்தவர்களே பின்னாளில் பேட்டிகளில் சொன்னார்கள். படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில் என்பார்கள் நம் ஊரில். இங்கே தேவாரம் படிப்பதே கோயிலை இடிக்க அனுமதி வாங்குவதற்குத்தான். நீதி இல்லாமல் இதே காட்சிகளை எடுத்தால் குரூரம். முடிவில் ஒரு வரி நீதியைச் சேர்த்துவிட்டால் 'ஊடக விமர்சனம்'.

இந்த உபதேச வியாபாரத்துக்கு ஒரு மூதாதை உண்டு. 1962இல் வந்த 'மோண்டோ கானே' என்ற இத்தாலியப் படம் உலகத்தின் விசித்திரங்கள், கொடூரங்கள் என்று துண்டுதுண்டாகச் சேர்த்து, அறிவார்ந்த பின்னணிக் குரல் ஒன்றைப் பூசி விற்றது. அதன் பாடல் ஒன்று ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. இசையமைத்தவர்களில் ஒருவர் ரிஸ் ஓர்ட்டொலானி. தியோதாத்தோ தன் படத்துக்கு அதே ஓர்ட்டொலானியைத் தேடிப் பிடித்தார். நெஞ்சை வருடும் மெல்லிசை ஒன்று கிடைத்தது. வதைகளுக்கு நடுவே அது இழைகிறது. கண்டிக்க வந்த கடையிலிருந்தே சரக்கையும் வாங்கி வந்திருக்கிறார்.

படத்தில் எனக்கு அடங்காத ஆத்திரம் தரும் இடம், நரமாமிசக் காட்சி எதுவும் அல்ல. நடுவே தொலைக்காட்சி அலுவலகத்தில் பேராசிரியருக்கு ஒரு துண்டுப்படம் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த நால்வரும் முன்பு எடுத்த ஆவணப்படமாம். ஆட்களை நிறுத்திச் சுட்டுக் கொல்கிறார்கள். முடிந்ததும் தொலைக்காட்சிக்கார அம்மாள் சாவகாசமாகச் சொல்கிறார்: இதெல்லாம் செட்டப், சிப்பாய்களுக்குக் காசு கொடுத்து நடிக்க வைத்தது.

படத்தில் வரும் மனிதச் சாவுகளில் அந்தத் துண்டு மட்டும்தான் செட்டப் இல்லாதது. ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நிஜமாக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட காட்சிகள் அவை. எங்கேயோ யாரோ எடுத்த சுருளை வாங்கி ஒட்டியிருக்கிறார்கள். சாகாத நடிகர்களைச் செத்தவர்கள் என்று விற்ற படம், நிஜமாகச் செத்த மனிதர்களை நடிகர்கள் என்று சொல்லி விற்றது. உயிரோடிருந்தவர்களுக்கு ஓராண்டுத் தலைமறைவு ஒப்பந்தமாவது இருந்தது. கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களிடம் யார் கையெழுத்து வாங்கினார்கள்? அவர்கள் வீட்டில் யாராவது இந்தப் படத்தைப் பார்த்திருந்தால், தங்கள் பிள்ளை நன்றாக நடித்திருக்கிறான் என்று பெருமைப்பட வேண்டுமா?

அடுத்தது அந்தப் பழங்குடிகள். கதையில் கற்பனைப் பெயர் வைத்திருக்கலாம். கதை கற்பனை, நரமாமிசம் கற்பனை. பெயர் மட்டும் நிஜமாக வேண்டுமாம். யானோமாமி மக்களின் பெயரை எடுத்து மரத்தில் வாழும் நரமாமிசக் கூட்டத்துக்குச் சூட்டினார்கள். படப்பிடிப்பு நடந்ததோ கொலம்பியாவின் தென்கோடியில் லெத்திசியா ஊரையொட்டி. யானோமாமிகள் வாழ்வது அங்கிருந்து பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், வெனிசுவேலா–பிரேசில் எல்லைக் காடுகளில். அவர்களிடம் இருப்பது ஓர் ஈமச்சடங்கு. இறந்தவரைத் தகனம் செய்து, எலும்புச் சாம்பலை வாழைப்பழக் கூழில் கலந்து உறவினர்கள் கண்ணீரோடு உட்கொள்வார்கள். பிரிந்தவர் தங்களுக்குள்ளேயே தங்கட்டும் என்ற பாசம் அது. அந்தத் துக்க வீட்டின் பெயரைத்தான் திரையில் மனிதரைத் தின்னும் வாய்க்கு இரவல் வாங்கினார்கள்.

இத்தாலிய நரமாமிசப் படக்காரர்களுக்கு எந்தக் காடும் ஒரே காடு, எந்தக் கறுத்த தோலும் ஒரே தோல். இதில் நமக்குப் பக்கத்து வீட்டுச் சம்பந்தமும் உண்டு. 1978இல் செர்ஜியோ மார்ட்டினோ எடுத்த படமொன்றில் நடிகை உர்சுலா ஆண்ட்ரஸ் நியூகினியில் நரமாமிசக் கூட்டத்திடம் சிக்கிக்கொள்வார். அந்த நியூகினியாக நடித்தது இலங்கைக் காடு. 1980இல் உம்பெர்த்தோ லென்சியும் தன் படத்துக்கு இலங்கைக்குத்தான் வந்தார். போதாததற்கு முந்தைய நரமாமிசப் படங்களிலிருந்து, விலங்குச் சாவுகள் உட்பட, காட்சிகளை வெட்டித் தன் படத்தில் ஒட்டிக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாத விலங்குக்கு ராயல்டி தரவேண்டியதில்லை என்பது எவ்வளவு வசதி! ஒரு முறை செத்தால் போதும், எத்தனை படத்திலும் சாகலாம்.

படம் ஊர் ஊராக ஓடிய அதே எண்பதுகளில், நிஜமான யானோமாமிக் காட்டுக்குள் ஒரு கூட்டம் நுழைந்தது. தங்கம் தேடிப் பிரேசிலின் சுரங்கக்காரர்கள் ஏறத்தாழ 40,000 பேர் புகுந்தார்கள். ஆற்றில் பாதரசம் கலந்தது. மலேரியாவும் காய்ச்சலும் வந்தன. சுட்டுக் கொல்வதும் நடந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்த மக்களில் ஐந்தில் ஒருவர் இல்லாமல் போனார் என்று பழங்குடி உரிமை அமைப்புகள் கணக்கிடுகின்றன. 1993இல் ஹாஷிமு என்ற ஊரில் குழந்தைகள் உட்பட 16 யானோமாமிகளைச் சுரங்கக்காரர்கள் கொன்றார்கள். பிரேசில் நீதிமன்றம் அதை இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தது. 2023இல் பட்டினியாலும் மலேரியாவாலும் அந்த மக்களின் குழந்தைகள் எலும்பும் தோலுமாகக் கிடக்க, அரசாங்கம் சுகாதார அவசரநிலை அறிவித்தது. இதையெல்லாம் இந்தப் படம் செய்யவில்லை. ஆனால் அந்தக் காட்டில் இருப்பவர்கள் மனிதரைத் தின்பவர்கள் என்று உலகத்துக்குச் சொல்லிவைத்த கூட்டத்தில் இதுவும் முன்வரிசையில் நின்றது. தின்னப்பட்டவர்கள் யார் என்பதைப் பேராசிரியர் தெருவில் நடந்தபடி யோசிக்க வேண்டியதில்லை. கணக்கு அரசாங்கக் காகிதத்திலேயே இருக்கிறது.

இப்போது வியாபாரத்தைப் பார்ப்போம். 'தடை செய்யப்பட்டது' என்பதைவிட மலிவான விளம்பரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. 1976இல் அமெரிக்காவில் 'ஸ்னஃப்' என்று ஒரு படம் வந்தது. அலமாரியில் தூங்கிக் கிடந்த பழைய படம் ஒன்றுக்கு, ஒரு பெண்ணைக் கேமரா முன் நிஜமாகவே கொல்வதுபோல் புது முடிவு ஒட்டிய விநியோகஸ்தர் ஆலன் ஷாக்கில்டன், தியேட்டர் வாசலில் கத்துவதற்குக் கூலிக்குப் போராட்டக்காரர்களையும் அமர்த்தினார். அப்புறம் நிஜமான பெண்கள் அமைப்பினர் கோபத்தோடு வந்து நின்றார்கள். கூலி மிச்சம்.

'கேனிபல் ஹோலோகாஸ்ட்' வீடியோ கேசட்டை இங்கிலாந்தில் வெளியிட்ட நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒழுக்கக் காவலராக அங்கே பேர்பெற்ற மேரி வைட்ஹவுஸ் அம்மையாருக்கு, தாங்கள் வெளியிட்ட படத்தைப் பற்றித் தாங்களே புகார் எழுதிப் போட்டார்கள். அம்மையார் கொதித்தார். பத்திரிகைகள் கொதித்தன. கொதிப்பு கட்டுமீறிப் போய், தடைப் பட்டியல் வந்தது, 1984இல் வீடியோ சட்டமே வந்தது. கேசட் கடையிலிருந்து மறைந்தது. ஆனால் அந்தத் தடைப் பட்டியல்தான் பிறகு ரசிகர்களுக்குக் கொள்முதல் பட்டியல் ஆனது.

காலம் போகப்போகத் தணிக்கைக்கும் மனம் கனிந்தது. 2001இல் இங்கிலாந்துத் தணிக்கை வாரியம் ஐந்தரை நிமிடத்துக்கு மேல் வெட்டியது. 2011இல் 15 வினாடி போதும் என்றது. வெட்டப்பட்டது கோவாட்டியின் சாவு மட்டும். மற்ற விலங்குகளின் சாவுகள் சட்டத்துக்கு உட்பட்ட சாவுகளாகத் தேறின. ஆமைக்கு மேல்முறையீடு இல்லை.

அமெரிக்காவில் டிவிடி வெளியிட்டவர்கள் அதைவிடப் பெருந்தன்மைக்காரர்கள். அதே தட்டில் 'மிருகவதை இல்லாத பதிப்பு' என்று ஒரு தேர்வு வைத்தார்கள். ஓட்டலில் இலை போடும்போதே சைவமா அசைவமா என்று கேட்பதுபோல. சைவத்தை அழுத்தினால் ஆமை சாகாது. காட்சி மட்டும் காணாமல் போகும். ஜீவகாருண்யம் ரிமோட்டில் ஒரு பொத்தான். அடுப்பங்கரை ஒன்றுதான், கல்லாவும் ஒன்றுதான்.

இந்தப் பரம்பரை அழியவில்லை. 1999இல் வந்த 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' விலங்கு எதையும் கொல்லவில்லை. அந்த மட்டில் புண்ணியம். ஆனால் நடிகர்களைச் செத்தவர்களாக்கும் வித்தையை அப்படியே எடுத்துக்கொண்டது. கதாபாத்திரங்களுக்கு நடிகர்களின் சொந்தப் பெயரையே வைத்தார்கள். இணையத்தில் அவர்களைக் காணாமல் போனவர்கள் என்று போட்டார்கள். கதாநாயகியின் தாயாருக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன. படமோ உலகம் முழுக்க ஏறத்தாழ 25 கோடி டாலர் அள்ளியது. கால் நூற்றாண்டு கழித்து, 2024இல், அந்த மூன்று நடிகர்களும் தங்களுக்கு உரிய பங்கைக் கேட்டுப் படநிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதவேண்டி வந்தது. செத்தவன் சம்பளம் கேட்க மாட்டான் என்பதுதான் இந்த வித்தையில் உள்ள அசல் திகில்.

2013இல் ஈலை ராத், 'தி கிரீன் இன்ஃபர்னோ' எடுத்தார். தியோதாத்தோ படத்துக்குள் வரும் படத்தின் பெயரையே எடுத்து வைத்துக்கொண்டார். பெரு நாட்டில், அதுவரை சினிமாவே பார்த்திராத ஒரு கிராமத்துக்குப் போய், இதுதான் சினிமா என்று அந்த மக்களுக்கு அவர் போட்டுக் காட்டியது எதைத் தெரியுமா? 'கேனிபல் ஹோலோகாஸ்ட்'டை. அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று அவரே பேட்டியில் பெருமையாகச் சொன்னார். சினிமா பிறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் சாப்ளினோ சத்யஜித் ராயோ அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தது, உங்களைப் போன்றவர்கள் மனிதரைத் தின்பார்கள் என்ற செய்தி.

நம் அறிஞர் பெருமக்களையும் விட்டுவிடக் கூடாது. 'அந்தப் படம் ஒரு சுய விமர்சனம், பார்வையாளனின் குற்ற உணர்வைத் தோண்டி எடுக்கிறது' என்று எழுதுகிறவர்கள் எந்த மொழியிலும் இருக்கிறார்கள். பார்ப்பவனுக்குக் குற்ற உணர்வு வரவேண்டும் என்பதற்காகக் குரங்கு உயிர் விட்டதாம். ஐயா, குற்ற உணர்வு உங்களுடையது, உயிர் அதனுடையது. உங்கள் ஞானத்துக்கு உங்கள் கைவசம் இருப்பதைச் செலவழியுங்கள். கொன்ற விலங்குகளை உள்ளூர் மக்கள் சாப்பிட்டார்கள், ஆகவே வீணாகவில்லை என்பது இன்னொரு வாதம். சாப்பாட்டுக்காகக் கொன்றிருந்தால் இரண்டாவது குரங்குக்கு 'ஒன் மோர்' எதற்கு? இயக்குநரே முதுமையில், விலங்குகளைக் கொன்றது தவறு என்று ஒத்துக்கொண்டார். அவர் 2022 டிசம்பரில் காலமானார். அவரே கைவிட்ட வாதத்தை இன்னும் தோளில் சுமப்பவர்கள் ரசிகர்கள்தான்.

படத்தின் கடைசி அட்டையில் ஒரு தகவல் வரும். கடைசியில் முதலாளிகள் மனம் மாறி எரித்துவிடச் சொன்ன சுருளைத் திருட்டுத்தனமாக வெளியே கடத்தினாராம் கதையில் வரும் புரொஜக்டர் ஆபரேட்டர். தண்டனை: இரண்டு மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது, 10,000 டாலர் அபராதம். அந்தச் சுருளை விற்று அவர் வாங்கியதோ 2,50,000 டாலர். குற்றத்தின் லாபம் தண்டனையைவிட எத்தனை மடங்கு பெரிது என்று இயக்குநர் நமக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். கதைக்கு வெளியே நடந்தது இது: ஆபாசத்துக்கும் மிருகவதைக்குமாகத் தியோதாத்தோவுக்குக் கிடைத்தது நான்கு மாதச் சிறை. அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. 1984இல் மேல்நீதிமன்றத்தில் ஜெயித்துத் தடையையும் நீக்கிக்கொண்டார். உலகம் முழுக்க 20 கோடி டாலர் வசூல் என்று அவரே சொல்லிக்கொண்டார். குற்றத்துக்கு லாபம் உண்டு என்ற அந்தக் கணக்கில் மட்டும் அவரை யாரும் பொய்யர் என்று சொல்ல முடியாது. தன் தீர்ப்பைத் தானே முன்கூட்டி எழுதி, படத்தின் கடைசி அட்டையாகப் போட்டுவிட்டுத்தான் போனார்.

ஆகவே தடை செய்யுங்கள் என்று நான் கூவப்போவதில்லை. தடை அவர்களுக்குப் பொன்னாடை. எனக்கு வேண்டியது சம்பளப் பட்டியல். அடுத்த முறை எந்த மொழியில் எவன் வந்து, 'வன்முறையைக் கண்டிக்கத்தான் வன்முறையைக் காட்டினேன், சுரண்டலைக் கண்டிக்கத்தான் இந்தப் படத்தை எடுத்தேன்' என்று மேடையில் கண் கலங்கினாலும், உபதேசத்தை அப்புறம் கேட்கிறோம் என்று சொல்லுங்கள். எரிகிற குடிசைக்குள் யாரை வைத்தாய்? அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாய்? காட்டு, ரசீதைக் காட்டு. இல்லையென்றால் நீ கண்டிக்க வந்த அந்த நாலு பேரில் நீ எத்தனாவது ஆள் என்பதையாவது சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கு.